உங்கள் பாட்டை ஒன்ஸ்மோருக்கு ஒதுக்காதீர்கள்

நாடுகாணிப் பக்கத்துப் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

நாடுகாணி, தேவாலா, பந்தலூர், சேரம்பாடிக் கோயில்களில் பாடுகிற நீங்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து, மே மாதம் ஊர் ஊராகப் பாடப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் கூடலூர், பிறகு ஊட்டி, குன்னூர், அதன்பின் மலையிறங்கிக் கோவை. நல்ல காரியம். பாட்டுப் பட்டியலும் என் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. யார் கொடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

பட்டியலில் ஹேண்டலின் ‘அல்லேலூயா’ முதலில் நிற்கிறது. அடுத்து லத்தீனில் ஒன்று, அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஸ்பிரிச்சுவல் இரண்டு, ஜூலு மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் நாலைந்து. எல்லாவற்றுக்கும் கீழே பென்சிலில், ‘நேரமிருந்தால்’ என்ற குறிப்போடு ஒரு தமிழ்க் கீர்த்தனை. அந்தப் பென்சில் வரிக்காகத்தான் இந்த மடல்.

நீங்கள் பாடப்போகிற ஸ்பிரிச்சுவல் பாட்டுகளும் ஒரு காலத்தில் அப்படிப் பென்சிலில் எழுதப்பட்டவைதான். அவற்றைப் பாடும் முன் அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்தில் ஃபிஸ்க் என்றொரு கல்விக்கூடம், 1866-இல் திறந்தது. அடிமைத்தனத்திலிருந்து அப்போதுதான் விடுபட்ட மக்களின் பிள்ளைகளுக்காக, உள்நாட்டுப் போர் முடிந்து பட்டாளம் விட்டுப்போன ஆஸ்பத்திரிக் கொட்டகைகளில் நடந்தது. ஐந்தே வருஷத்தில் கடன் கழுத்தை நெரித்தது. அங்கே கணக்குப் பார்த்த ஜார்ஜ் ஒயிட் என்பவர்தான் பாட்டும் சொல்லிக்கொடுத்தவர். 1871 அக்டோபர் 6 அன்று ஒன்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, பாடிக் காசு திரட்டக் கிளம்பினார்.

அவர்கள் முதலில் எதைப் பாடினார்கள் தெரியுமா? வெள்ளைக்காரர் வீட்டு வரவேற்பறையில் பாடும் பாட்டுகளை, கச்சேரி மேடைக்கு ஏற்றதென்று ஊர் ஒப்புக்கொண்ட பாட்டுகளை. தோட்டத்தில் பருத்தி எடுத்துக்கொண்டே அம்மாவும் பாட்டியும் பாடியவற்றை மேடையேற்ற அவர்களுக்கு மனமில்லை. அவை அடிமைக் காலத்தை நினைவூட்டின. பெற்றோருக்குப் புனிதமானவை, ஊரார் முன் பாடுகிற விஷயமல்ல என்று நினைத்ததாக, குழுவில் பியானோ வாசித்த எல்லா ஷெப்பர்ட் என்பவர் பின்னாளில் எழுதினார். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான்.

கூட்டம் சேரவில்லை, உண்டியலும் நிறையவில்லை. நவம்பரில் ஓபர்லின் என்ற ஊரில் சபைத் தலைவர்கள் கூடியிருந்த இடத்தில் அந்தப் பழைய பாட்டுகளைப் பாடினார்கள். அதன்பிறகு நிலைமையே மாறிப்போனது. அதுவரை ஒன்ஸ்மோருக்கு மட்டும் ஒதுக்கியிருந்தவை நிகழ்ச்சியின் நடுவுக்கு வந்தன. மறு வருஷம் அமெரிக்க ஜனாதிபதி முன்னால் பாடினார்கள், 1873-இல் விக்டோரியா மகாராணி முன்னால். பாடிச் சேர்த்த பணத்தில் எழுந்த ஜூபிலி ஹால் இன்றும் நாஷ்விலில் நிற்கிறது. அந்தக் குழுவில் இருந்த ஃபிரெடெரிக் லவுடின் பிறகு தனிக்குழு அமைத்து, 1884-லிருந்து ஆறு வருஷம் உலகம் சுற்றினார். இந்தியாவுக்கும் வந்தார்கள். தாஜ்மகாலுக்குள் நின்றும் பாடினார்கள்.

இப்போது உங்கள் பட்டியலை மறுபடி பாருங்கள். பருத்தித் தோட்டத்துப் பாட்டு நடுவில் இருக்கிறது, தேயிலைத் தோட்டத்துப் பாட்டு பட்டியலிலேயே இல்லை.

உங்களில் பலரின் தாத்தா பாட்டி எப்படி இங்கே வந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கைத் தோட்டத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று தாளில் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கடைசியில் இந்த மழைக்காட்டு ஓரத்தில் ‘டேன்டீ’ என்ற அரசுத் தேயிலைத் தோட்ட லயன்களுக்கு வந்து சேர்ந்தார்கள். 1968-இல் அரசு இங்கே தேயிலை போட ஆரம்பித்ததே அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். பெட்டியில் கொண்டுவர அவர்களிடம் அதிகமில்லை. ஆனால் பாட்டு வந்தது. தாலாட்டு வந்தது, ஒப்பாரி வந்தது, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு வந்தது, விடியற்காலைப் பெரட்டில் ஆஜர் கொடுக்க ஓடுகிற அவதியைச் சொல்லும் பாட்டு வந்தது. இலங்கையில் இவற்றையெல்லாம் தேடிப் பிடித்துத் தொகுத்தவர் சி.வி.வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்து, கவிஞராகவும் தொழிற்சங்கக்காரராகவும் வாழ்ந்தவர். இந்தப் பக்கத்து லயன்களில் அதைச் செய்ய ஆள் வேண்டும். இன்னும் பத்து வருஷம் போனால் கேட்கப் பாட்டியிருக்க மாட்டாள்.

‘அது பக்திப் பாட்டில்லையே அண்ணே, கோயில் மேடையில் எப்படிப் பாடுவது?’ என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். ஸ்பிரிச்சுவல் பாட்டைப் பாருங்கள். யோர்தான் நதி என்றும் மோசே என்றும் பாடும்போது, வேதாகமக் கதையோடு சேர்த்துத் தங்கள் விடுதலையையும் அவர்கள் பாடினார்கள். கொழுந்துக் கூடை கனக்கிறது, பிள்ளை பசித்து அழுகிறது, மழை விடவில்லை என்று ஒருத்தி பாடினால் அது முறையீடுதான். வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் முறையீட்டுப் பாட்டுகளுக்குப் பஞ்சமில்லை.

மதுரை அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு என்று ஒருவர் இருந்தார். ‘பரட்டை’ என்ற பெயரில் பாட்டெழுதியவர், 2005-இல் காலமானார். கிராமத்துச் சனம் பேசுகிற தமிழில், அவர்கள் ஆடிப் பாடுகிற மெட்டில், முழு ஆராதனையையே அமைத்துக் கொடுத்தார். கீர்த்தனைகூட மேட்டுக்குடி சங்கீதம்தானே, உழைக்கிறவன் பாட்டு ஆலயத்துக்குள் எப்போது வரும் என்பது அவர் கேள்வி. சாவுக்கு அடிக்கிற பறையைக் கோயிலுக்குள் கொண்டுவருவதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. உங்கள் லயனில் மாரியம்மன் திருவிழாவுக்கு அடிக்கிற தப்பைப் பார்த்தும் சுளிக்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு சண்டை போட வேண்டாம். தப்பை நன்றாகச் சுருதி ஏற்றி, நன்றாக அடிக்கத் தெரிந்தவன் கையில் கொடுங்கள். அது போதும்.

கீர்த்தனையையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதுவும் நம் சொத்துதான், பழைய சொத்து. பாளையங்கோட்டையில் 1774-இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் காலத்தில், ‘பெத்லகேம் குறவஞ்சி’யை எழுதியவர். குறத்தி குறி சொல்லும் அந்தக் கூத்து வடிவத்தையே எடுத்துக் கிறிஸ்துவின் கதையைச் சொன்னார். 1853-இல் எட்வர்ட் வெப் என்ற மதுரை மிஷனரி இப்படிப்பட்ட பாட்டுகளைத் திரட்டி அச்சுப் போட்டார். பாமாலையைத் திறந்தால் ஜெர்மனியும் இங்கிலாந்தும் தெரியும், கீர்த்தனையைத் திறந்தால் தஞ்சாவூரும் நெல்லையும் தெரியும். இரண்டையும் ஒரே அட்டைக்குள் வைத்துப் பாடுகிற சனம் நாம். உலக இசை வேண்டுமென்று வெளியே அலைய வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் மடியிலேயே இருக்கிறது.

இனிக் கொஞ்சம் தொழில் பேசுவோம். கீர்த்தனையை ஏன் பென்சிலில் எழுதினீர்கள் என்பதற்கு உங்கள் க்வயர் மாஸ்டர் ஒரு காரணம் சொல்லியிருப்பார்: ‘நாலு பார்ட்டுக்கு அது உட்கார மாட்டேன் என்கிறது.’ பாதி உண்மை. சங்கராபரணத்தில் ஒரு கீர்த்தனை என்றால் ப-நி-ரி சேர்த்துப் பிடித்தால் மேற்கத்திய ஐந்தாம் கார்டு அழகாக வந்து நிற்கும். மாயாமாளவகௌளையில் அதே மூன்றைப் பிடித்துப் பாருங்கள். ரிஷபம் தாழ்ந்த ரிஷபம், அதனால் பஞ்சமத்துக்கும் அதற்கும் நடுவே அரைச்சுரம் குறைகிறது. கார்டு நொண்டும், பேஸ் பாடுகிறவன் முழிப்பான். கீபோர்டுக்காரர் அதைச் சரிசெய்கிறேன் என்று ரிஷபத்தை உயர்த்தினால் ராகம் செத்துப்போகும்.

அதற்கு வழி இருக்கிறது. அப்படிப்பட்ட பாட்டுக்கு நாலு பார்ட் போடாதீர்கள். பேஸும் டெனரும் ச-ப என்று சுருதி பிடிக்கட்டும், வாயை மூடி ‘ம்’ என்று. ஆல்ட்டோ மெட்டைப் பாடட்டும். அந்த ராகத்தின் குழைவு சோப்ரானோவின் உயரத்தைவிட ஆல்ட்டோவின் கனத்தில்தான் நன்றாக வரும். பல்லவியை எல்லாரும் வாங்குங்கள், சரணத்தை ஒரே குரலுக்கு விடுங்கள். கமகம் வருகிற இடத்தில் இருபது பேரும் சேர்ந்து குழைந்தால் மாவு கரைத்தது போலாகும். அங்கே ஒருவர் பாட, மற்றவர்கள் நேர்ச்சுரத்தில் நிற்கட்டும். சங்கராபரணத்திலும் ஹரிகாம்போதியிலும் அமைந்தவற்றைத் தாராளமாக நாலு பார்ட்டில் பாடுங்கள்.

சோல்ஃபாவைக் கைவிட்டுவிட்டீர்கள் என்று கேள்வி. வருத்தம்தான். உங்கள் தாத்தா காலத்தில் நெல்லைப் பக்கத்துக் கிராமத்துக் கோயில்களில், பியானோவைக் கண்ணால் பார்த்திராத சம்சாரிகள் டோ ரே மீ எழுத்துகளைப் பார்த்தே நாலு பார்ட்டும் பாடினார்கள். இங்கிலாந்தின் நார்விச்சில் சாரா குளோவர் என்ற ஆசிரியை தொடங்கி, ஜான் கர்வென் செம்மைப்படுத்திய முறை அது. உலகம் முழுக்க ஏழைகளின் பாட்டு அதில்தான் பயணம் செய்தது. தென்னாப்பிரிக்காவில் மிஷன் பள்ளி ஆசிரியரான எனோக் சோன்டோங்கா 1897-இல் ‘ந்கோசி சிகெலெலி ஆஃப்ரிக்கா’வைச் சோல்ஃபாவில்தான் இயற்றினார். அந்த ஆலயப் பாட்டு விடுதலைப் போராட்டத்தின் பாட்டாகி, இன்று அந்நாட்டுத் தேசிய கீதத்தின் ஒரு பகுதி. உங்கள் பட்டியலில் இருக்கிற ஜூலு பாட்டு இந்த வம்சத்தில் வந்தது. அதைச் சும்மா இடுப்பை ஆட்டிக் கைதட்டுகிற உற்சாகப் பாட்டாக மட்டும் பாடாதீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவனுக்குப் பொருள் தெரியுமா தெரியாதா என்பது மூன்றாவது வரிசையில் இருக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

லத்தீன் பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். லத்தீன் உயிரெழுத்து ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்று தெளிவாக நிற்கும். ஆங்கிலத்தைப் போல ஓர் எழுத்துக்குள் இரண்டு ஒலி வழுக்காது. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது பழகிய வாய். மொசார்ட்டின் ‘ஆவே வேரும் கோர்ப்புஸ்’ எடுத்திருக்கிறீர்கள், நல்ல தேர்வு. 46 பார்கள்தான், மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். 1791 ஜூனில், தான் சாவதற்கு ஆறு மாதம் முன்பு, பாடன் என்ற சின்ன ஊர்க் கோயிலின் பாடகர் குழுத் தலைவருக்காக அவர் எழுதிக் கொடுத்தது. உங்களைப் போன்ற ஊர்க் குழுவுக்காகவே பிறந்த பாட்டு. மெதுவாக, மூச்சைப் பகிர்ந்து பாடுங்கள். பக்கத்தில் நிற்பவன் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது.

பட்டியலில் ஒன்று சேர்க்கச் சொல்வேன். திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து கூடலூர்ப் பகுதிக்குக் குடியேறிய சிரியன் கத்தோலிக்கக் குடும்பங்கள் உங்களுக்கு அடுத்த வீடுதான். அவர்கள் குர்பானா வழிபாடு 1962 வரை சுரியானி மொழியில் நடந்தது. ‘கந்தீசா ஆலாஹா’ என்ற பழம்பாட்டு இன்னும் அவர்கள் மூத்தவர்கள் நாவில் இருக்கிறது. இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி அது. அதற்குப் பார்ட் கிடையாது, எல்லாரும் ஒரே சுரம். நாலு பார்ட்டை விட ஒரே சுரத்தில் முப்பது பேர் நிற்பது கஷ்டம். குழுவின் தரம் அங்கேதான் வெளுக்கும். நாடுகாணிச் சுரம் இறங்கினால் வழிக்கடவு, நிலம்பூர். மூன்று மாநில எல்லையில் இருக்கிற குழுவின் பாட்டில் மலையாளமும் கன்னடமும் இல்லையென்றால்தான் ஆச்சரியம்.

சேர்க்கக் கூடாத ஒன்றும் உண்டு. பணியர் வீடுகளில் துடி முழங்கும்போது, குழல் ஊதும்போது உங்களுக்கு ஆசை வரும். நிகழ்ச்சிக்கு நிறம் கூட்ட அதை எடுத்துவிடாதீர்கள். இந்த மண்ணில் அவர்கள் நமக்கு முந்தியவர்கள். வயநாட்டில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் நிறுத்தி விலை பேசப்பட்ட மக்கள். அந்தப் பாட்டு அவர்களுடையது. வேண்டுமென்றால் போய்க் கேளுங்கள். சம்மதித்தால் அவர்களையே மேடைக்கு அழையுங்கள். அவர்கள் பெயரை அறிவித்து, வண்டிச்செலவும் கூலியும் உங்களுக்குச் சமமாகக் கொடுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நாஷ்வில் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். பின்னால் முகத்தில் கரி பூசிக்கொண்டு அதே பாட்டை விற்ற வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

‘கோவைக்காரர்கள் இதையெல்லாம் ரசிப்பார்களா?’ என்று ஒரு பயம் இருக்கும். ஷில்லாங் சேம்பர் க்வயரைப் பாருங்கள். மலை ஊர்ப் பிள்ளைகள்தான். நீல் நாங்கின்ரி 2001-இல் தொடங்கியது. மேற்கத்திய செவ்வியல் இசை பாடினார்கள், இந்திப் பாட்டும் பாடினார்கள். ஆனால் தங்கள் காசி மொழியில் ஓர் ஓப்பெராவே வைத்திருந்தார்கள். 2010-இல் சீனாவில் நடந்த உலகக் குழுவிசைப் போட்டியில் மூன்று தங்கம், அதே வருஷம் டிவி போட்டியில் முதலிடம். சொந்த மொழியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தால், உலகத்தில் நன்றாகப் பாடுகிற நூறு குழுக்களில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். தமிழிலும் பாருங்கள்: 2005-இல் இளையராஜா திருவாசகத்தை எடுத்தபோது, புடாபெஸ்ட் வாத்தியக்குழுவும் மேல்நாட்டுப் பாடகர்களும் மாணிக்கவாசகரின் பக்கம் வந்து நின்றார்கள். நம் வேதமும் நம் கண்ணீரும் குழுப்பாட்டுக்குத் தாங்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

‘அல்லேலூயா’வுக்கு வருகிறேன். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் ‘மெசாயா’ முதன்முதல் அரங்கேறியதே, கடன் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களை மீட்கவும் ஆஸ்பத்திரிகளுக்கு உதவவும்தான். நல்ல பிறப்பு. ஆனால் சென்னையில் 1893-இல் தொடங்கிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொட்டு, கோவையின் பெரிய கோயில்கள் வரை டிசம்பரில் அதைக் கேட்காத காது கிடையாது. சோப்ரானோ ஒவ்வொரு படியாக ஏறி நீட்டி நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் குழு திணறினால், அவர்கள் மனதில் ஒப்பிட்டு விடுவார்கள். எனவே, வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கீர்த்தனையில் தொடங்குங்கள், அறிவிப்பு வேண்டாம், சுருதியிலிருந்து நேராக. பிறகு மொசார்ட், சுரியானி. அதன்பின் ஃபிஸ்க் பிள்ளைகளின் கதையை இரண்டே நிமிஷத்தில் சொல்லி ஸ்பிரிச்சுவல். அந்தச் சூடு ஆறுவதற்குள் தேயிலைத் தோட்டத்துப் பாட்டு, தப்போடு. அதுதான் நிகழ்ச்சியின் நடு. ஜூலுவும் பரட்டை அண்ணன் பாட்டும் கடைசி. கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்டால் ‘அல்லேலூயா’வைக் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

இன்னும் ஒன்று: தயவு செய்து ட்ராக் போட்டுப் பாடாதீர்கள். செல்போனிலிருந்து ஸ்பீக்கருக்கு வருகிற இசைக்குழுவுக்கு உங்கள் மூச்சு எப்போது முடியுமென்று தெரியாது. ஆர்கன் இருக்கிற கோயிலில் ஆர்கன், இல்லாத இடத்தில் வெறும் குரல். கூடலூரிலிருந்து நடுவட்டம் ஏறும்போது குளிரில் சன்னலைத் திறந்துவைத்துக் கத்திப் பாடிக்கொண்டு போகாதீர்கள், ஊட்டியில் இறங்கும்போது பாதித் தொண்டைதான் மிஞ்சும்.

முதல் ப்ராக்டிஸுக்கு முன்னால் ஒரு வேலை தருகிறேன். ஒவ்வொருவரும் ஒரு கிழவியிடமோ கிழவரிடமோ போய் ஒரு பாட்டுக் கேட்டு வாருங்கள். போனில் பதிவு செய்யுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டத்தில் கற்றது, எந்த வேலையின்போது பாடுவது என்று நோட்டில் எழுதுங்கள். மேடையில் அவர் பெயரைச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்குங்கள். அத்தனை பாட்டையும் கேட்டுவிட்டு எது குழுவுக்குப் பொருந்தும் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுங்கள். க்வயர் மாஸ்டர் மட்டும் முடிவெடுக்க வேண்டாம், அவர் கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். திரட்டுகிற காணிக்கை எதற்கு என்பதையும் புறப்படும் முன்பே தீர்மானித்து, எல்லா ஊரிலும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கேட்பவர்கள் அதற்கும் சேர்த்துத்தான் கை கொடுப்பார்கள்.

திருத்திய பட்டியலை எனக்கு அனுப்புங்கள், இந்தத் தடவை நேராகவே. டெனருக்கு ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள். மேல் ‘சா’ இப்போது எனக்கு எட்டுவதில்லை, சுருதி பிடிக்க வருகிறேன்.

அன்புடன்,
பின்பெஞ்சில் உட்காருகிற உங்கள் பழைய டெனர்
நாடுகாணி